பந்து வெளியே வந்த பிறகு

கால்நடை மருத்துவமனையில் அவருக்கு ஒருமணியார் என்று பட்டப்பெயர். கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, முரண்டு பிடிக்கும் பிராணியை மேசையில் அமுக்கிப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. தொண்டை அடைத்து வந்த எந்த நாயையும் பூனையையும் அடைப்பு எடுத்த கையோடு வீட்டுக்கு அனுப்பமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, விலா ஏறி இறங்குவதை எண்ணுவார். குறைந்தது ஒரு மணி நேரம். மந்திரி வீட்டு நாயானாலும் அதே கணக்குத்தான். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று விஷயம் தெரிந்த வாசல் காவலாளி ஒருநாள் முணுமுணுத்தார். அது அவர் காதில் விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பொறுமையெல்லாம் அவரிடம் கிடையாது. கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார், அது வேறு விஷயம். அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு இருந்த ஒரே துணை ஒரு சப்பை மூக்கு நாய். அவள் சாப்பிட உட்காரும்வரை அது தன் கிண்ணத்தில் வாய் வைக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் தொண்டையில் ரப்பர் பந்து சிக்கிக்கொண்டது. அக்காவின் போன் வந்ததும் சட்டைப் பித்தான்கூடப் போடாமல் ஓடினார். நாய் நாலு காலையும் பரப்பி நின்று மூச்சை இழுத்தது. இழுக்க இழுக்க விலா உள்ளே ஒட்டியதே தவிர, காற்று போகவில்லை. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. அவர் நாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கழுத்தை வெளியிலிருந்து அழுத்திப் பந்தை மேலே தள்ளி, இரண்டு விரலால் நெம்பி எடுத்துவிட்டார். நாய் இருமியது, தள்ளாடியது, பிறகு போய் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமாடா?" என்றாள் அக்கா.

"அப்புறம் நான் எதுக்குக்கா இருக்கேன்? பந்துதான் வந்துடுச்சே. தொண்ட கொஞ்சம் வலிக்கும், படுக்க விடு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கோ கால் தரையில் பாவவில்லை. வழியில் அகப்பட்ட இரண்டு பேரிடம் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்.

முக்கால் மணி நேரத்தில் மறுபடியும் போன். "புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குதுடா. மூக்குல நுர வருது, ரோஸ் கலர்ல வருது."

மருத்துவமனை மேசைக்கு நாய் உயிரோடுதான் வந்தது. டாக்டர் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்தபடியே இருந்தார், நாய் பத்து நிமிடம் தாங்கவில்லை.

"அடைச்ச குழாய வாயில வெச்சு உறிஞ்சினா கன்னம் உள்ள போகுதுல்ல?" என்றார் டாக்டர். "நெஞ்சுக்குள்ளயும் அப்படித்தான். காத்து வராம உறிஞ்ச உறிஞ்ச, உடம்பு ரத்தம் நுரையீரலுக்கு வந்து குவியும். ஆக்சிஜன் இல்லாம அங்க இருக்கற ரத்தக்குழாயும் இறுகிடும். அழுத்தம் தாங்காம தண்ணி கசிஞ்சு காத்துப் பையில எறங்கும். அடைப்ப எடுத்துட்டா முடிஞ்சதுன்னு நெனைக்கறோம், பல சமயம் அப்புறந்தான் ஆரம்பம். உடனே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்."

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். எல்லாம் கேட்டாள். நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். அதோடு பேச்சு நின்றது. வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பாள், தண்ணீர் வைப்பாள், உள்ளே போய்விடுவாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவர் மனசு ஆறியிருக்கும். ஒவ்வொரு பிராணி பிழைக்கும்போதும் அவளுக்குப் போன் செய்வார். அது அடித்து அடித்து ஓய்ந்துபோகும். கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு தையல்காரர் தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். தொண்டையில் எலும்புத் துண்டு. டாக்டர் அதை எடுத்துவிட்டார். நாய் மேசையிலேயே வாலாட்டியது.

"கடை வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க, கிளம்பறேன்" என்றார் தையல்காரர்.

"ஒரு மணி நேரம் உக்காருங்க."

"வாலாட்டுது பாருங்க சார். நல்லா இருக்கற நாய சீக்காளி ஆக்கிடுவீங்க போலிருக்கே."

"வால நம்பி நான் ஒரு தடவ ஏமாந்துட்டேன். உக்காருங்க."

தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். முதலில் நாய்க்கு நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு இருந்தது, முப்பதாயிற்று. நாற்பதாவது நிமிடத்தில் ஐம்பத்தைந்து. ஒருமணியார் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், ஈறு வெளுத்திருந்தது. டாக்டரைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள், நுரையீரல் நீர் வடிய ஊசி போட்டார்கள். சாயங்காலம் மூச்சு முப்பதுக்கு இறங்கியபோது, தையல்காரர் ஒருமணியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒருமணியார் வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தார். அன்றைக்கு அவள் எடுத்துவிட்டாள். அவர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

"எவ்வளவு நேரம் பக்கத்துல உக்காந்திருந்தே?" என்று கேட்டாள் அக்கா.

"சாயந்தரம் வரைக்கும்கா."

"என் வீட்ல ஒரு மணி நேரம் உக்காந்திருக்கலாமேடா."

"ஆமாக்கா. தப்பு பண்ணிட்டேன்" என்றார். ஆறு வருடமாக எத்தனையோ நாயின் கதையை அவளிடம் சொல்லப் பார்த்தவர், இதை மட்டும் சொன்னதே இல்லை. அக்கா அழுவது கேட்டது. போனை அவள் வைக்கவில்லை.