நோட்டீஸில் வராத பேர்

மயிலாப்பூரில் நாடகம் பார்க்கிற எந்த வீட்டிலாவது போய், ஆரோக்கியமேரியைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். ஜானகி மாமியைத் தெரியுமா என்று கேளுங்கள். "தெரியாம என்ன? அந்த மடிசார் கட்டும் அந்த நொடிப்பும்! எங்க பக்கத்தாத்து மாமியை அப்படியே உரிச்சு வச்சிருப்பா" என்று ஆரம்பித்து, கையில் இருக்கும் காபி ஆறிப்போகும்வரை பேசுவார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். முப்பத்தாறு வருஷமாக ஒரே ஆள்தான். இதை எழுத உட்காரும்போதே எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் என் பேரும் உண்டு.

என் பேர் காமாக்ஷி. அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். எங்கள் பேட்டைச் சபாவில் கமிட்டி மெம்பர். கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். மேடையில் நடிகைகளுக்குப் பொன்னாடை போர்த்த ஒரு பெண் கை வேண்டியிருந்தது, அதனால் சேர்த்துக்கொண்டார்கள். நானும் பெருமையாகப் போய்ச் சேர்ந்தேன்.

ஆரோக்கியமேரி நொச்சிக்குப்பத்துக்காரர். அப்பா துரைராஜ் கடலுக்குப் போனவர், அம்மா ரோட்டோரம் மீன் விற்றவர். சர்ச்சில் கிறிஸ்துமஸுக்குப் போட்ட நாடகத்தில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கிழவி வேஷம் கட்டிக் கூட்டத்தையே அழ வைத்ததை மேக்கப் போட வந்த காதர் பாய் பார்த்தார். அவர்தான் 1989-இல் வேதாந்தத்திடம் அழைத்துப் போனார்.

வேதாந்தம் அப்போது பாங்க் அதிகாரி. மாலையில் நாடகக்காரர். அவர் குழுவில் இருந்த ஆண்கள் எல்லோரும் பாங்க், இன்ஷூரன்ஸ், ரயில்வே என்று எங்கேயாவது கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள். கதை எல்லாம் மயிலாப்பூர் வீட்டுக்குள்ளேயே நடக்கும். அந்த வீட்டுக்கு ஒரு மாமி வேண்டும். ஆனால் அவர்கள் வீட்டு மாமிகள் யாரும் மேடை ஏறக் கூடாது.

"எங்காத்துப் பொம்மனாட்டிகளைக் கொண்டுவந்து லைட் முன்னாடி நிறுத்த முடியுமா?" என்று வேதாந்தமே ஒரு மீட்டிங்கில் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். அடுத்த வீட்டுப் பெண்ணை நிறுத்தலாம், அது பரவாயில்லை! அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாளே பேர் மாறிவிட்டது. "ஆரோக்கியமேரின்னு நோட்டீஸ்ல போட்டா ஒரு சபாவும் டேட் தர மாட்டா. ஜானகின்னு வச்சுக்கோ, லட்சணமா இருக்கும்" என்றாராம். அவர் கேட்கவில்லை, சொன்னார். இவரும் தலையாட்டினார். பத்தொன்பது வயதில் வேறென்ன செய்ய முடியும்?

அந்தப் பெண் மாமி பாஷையை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. தினமும் குளத்தங்கரைக் காய்கறிக் கடைகளில் போய் நின்றார். கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே பேரம் பேசும் மாமிகளைக் கேட்டுக்கொண்டு நின்றார். மூன்றே மாதத்தில் எங்களைவிட நன்றாக எங்கள் தமிழைப் பேசினார். ஒருமுறை நாடகம் முடிந்து, "மாமிக்குப் பூர்வீகம் கும்பகோணமா?" என்று நானே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அந்தச் சிரிப்பை அடக்கம் என்று நினைத்த முட்டாள் நான்.

ஒத்திகை தி.நகரில் வேதாந்தத்தின் மொட்டை மாடியில் நடக்கும். ஆண்கள் ஆபீஸ் முடிந்து தாமதமாக வருவார்கள், பாதிப் பேர் வரவே மாட்டார்கள். வராதவர்கள் வசனத்தை எல்லாம் ஆரோக்கியமேரிதான் படிப்பார். அதனால் ஒவ்வொரு நாடகமும் முழுசாக அவருக்கு மனப்பாடம். மேடையில் வேதாந்தத்துக்கு வசனம் மறந்துபோகும். அடிக்கடி மறந்துபோகும். அப்போது அவர் இவரைப் பார்ப்பார். உடனே இவர், "நீங்க என்ன சொல்ல வரேள்னு எனக்குத் தெரியாதாக்கும்? கல்யாணச் செலவை சம்பந்தி தலையில கட்டணும், அதானே?" என்று அந்த வசனத்தையே கேள்வியாகத் திருப்பிப் போடுவார். வேதாந்தம் "அதேதான்!" என்று ஒரு கையை வீசுவார். அரங்கம் அதிரும். பத்திரிகைக்காரர்கள் வேதாந்தத்தின் டைமிங்கைப் பற்றி எழுதித் தள்ளினார்கள்.

கடைசியில் அறிமுகம். மைக்கைப் பிடித்துக்கொண்டு வேதாந்தம் ஒவ்வொருவராகச் சொல்வார். இன்னார், இந்த பாங்கில் சீனியர் மேனேஜர். இன்னார், இந்த இன்ஷூரன்ஸில் டிவிஷனல் ஆபீசர். இவர் முறை வந்தால், "ஜானகி." அவ்வளவுதான். பிறகு செட் ஏற்றும் வேன் எல்லோரையும் வீட்டு வாசலில் இறக்கும். இவரை மட்டும் லஸ் முனையில் இறக்கிவிடும். "அந்தப் பக்கம் வண்டி போகாதும்மா." போகாதாம்! மீன் லாரி போகிற ரோட்டில் நாடக வேன் போகாதாம்.

கொரோனாவுக்கு அப்புறம் ஒரு நாள் ஒத்திகை என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. வாட்ஸப் குரூப்பைத் திறந்து பார்த்தால் இவரை அதிலிருந்து எடுத்திருந்தார்கள். காதர் பாய்தான் விஷயத்தைச் சொன்னார். இப்போது காலம் மாறிவிட்டது, அவர்கள் வீட்டுப் பெண்களே நடிக்க வருகிறார்கள், இனி வெளியாள் வேண்டாம். பெண்கள் வந்தது நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக முப்பத்து மூன்று வருஷம் உழைத்தவரைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போடுவதா? ஒரு போன்கூடவா பண்ணக் கூடாது?

ஆரோக்கியமேரி சும்மா உட்காரவில்லை. சொந்தமாகக் 'கரைவலை நாடகக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்தார். ஈக்காட்டுத்தாங்கலில் அவருடைய தம்பி லாரன்ஸுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. இரும்புத் துகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு அங்கேயே ஒத்திகை. செட், லைட், மைக், நோட்டீஸ், ஆள் சேர்ப்பது, வராத ஆளைப் போனில் திட்டி வரவழைப்பது என்று முப்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். நடிக்க வந்த ஐந்து பெண்களும் வேலைக்குப் போகிறவர்கள். அதில் ஷீலா என்பவர் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறார். ஆற்றோரம் இருந்த அவருடைய வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் பிரசவ வலி எடுத்த மருமகளை ஏழு மாடி இறக்குகிற கதையை அவர்தான் எழுதினார். சிரித்துச் சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட வைக்கிற நாடகம். பேர் 'ஏழாவது மாடி.'

இந்த நாடகம் எங்கள் சபா மேடையில்தான் முதலில் ஏற வேண்டும் என்பது ஆரோக்கியமேரியின் ஒரே ஆசை. வேறு மேடை இல்லாமல் இல்லை. "முப்பது வருசம் இன்னொருத்தி பேர்ல நின்னேன்மா. ஒரு தபா என் பேர்ல நிக்கணும், அதே எடத்துல" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். விண்ணப்பத்தில் 'தயாரிப்பு, பொறுப்பு: ஆரோக்கியமேரி' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் ஜானகி என்றும் போட்டு, நாடகப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தார்.

எங்கள் செக்ரெட்டரி பிரதியைப் புரட்டக்கூட இல்லை. ஜானகி என்ற பேரைப் பார்த்ததும் மடிசார் நாடகம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். தேதி சொல்வதற்குப் போன் பண்ணினார்.

"இன்னா சார், சொல்லுங்க" என்றார் ஆரோக்கியமேரி.

"மாமி ஆத்துல இருக்காளா? கொஞ்சம் கூப்பிடும்மா."

வீட்டு வேலை செய்கிற பெண் போனை எடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இருபது வருஷமாகக் கிரீன் ரூமில் பார்த்துப் பேசிய மனுஷர்! ஆரோக்கியமேரி "இருங்க சார்" என்று சொல்லி, மூச்சை இழுத்துவிட்டு, "சொல்லுங்கோ, ஜானகிதான் பேசறேன்" என்றார். தேதி கை நழுவிப் போய்விடக் கூடாதே என்ற பயம். "அத்த நெனச்சா இன்னிக்கும் உடம்பு கூசுதும்மா" என்றார் என்னிடம். கூச வேண்டியது யாருக்கு?

நோட்டீஸ் அச்சாகி வந்தது. 'ஜானகி மாமி வழங்கும் புத்தம் புதிய குடும்ப நகைச்சுவை.' கரைவலை இல்லை, ஷீலா இல்லை, ஆரோக்கியமேரி இல்லை. அவர் அதைக் குழுவில் யாரிடமும் காட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சபாவுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் செக்ரெட்டரி பிரதியைப் படித்துவிட்டு, அலறியடித்துக் கமிட்டியைக் கூட்டி அவரையும் அழைத்தார். நாங்கள் எட்டு பேர். சமாதானம் பேச வேதாந்தத்தையும் வரவழைத்திருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்கப்படாது. ஜானகின்னு போட்டாத்தான் மெம்பர்ஸ் வருவா. அந்த இன்னொரு பேரை யாருக்குத் தெரியும்?" என்றார் செக்ரெட்டரி.

"தெரியாம பண்ணது யாரு சார்?"

"அதை விடுங்கோ. பாஷை இருக்கே... இன்னா, கீது, வந்துக்கினு போய்க்கினுன்னு. ஃபேமிலியோட வரவா எப்படி உட்கார்ந்து பார்ப்பா?"

"எங்களுக்கும் ஃபேமிலி கீது சார்."

வேதாந்தம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஜானகி நம்ம பொண்ணு. எடுத்துச் சொன்னா கேட்டுப்பா. என்னம்மா?"

ஆரோக்கியமேரி அவர் பக்கம் திரும்பினார். "சார், இங்க இருக்கறவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க. எங்கம்மா எனக்கு வச்ச பேர் இன்னா?"

வேதாந்தம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஊன்றி வந்த கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, மேடையில் எத்தனையோ தடவை பார்த்ததுபோல, ஆரோக்கியமேரியின் முகத்தையே பார்த்தார். எடுத்துக் கொடுப்பார் என்று பார்த்தார். ஆரோக்கியமேரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

செக்ரெட்டரி ஓட்டுக்கு விட்டார். ஜானகி என்ற பேரில், பாஷையை மாற்றிப் போட்டால் தேதி உண்டு. மாட்டேன் என்றால் இல்லை. ஆதரவாக ஏழு கைகள் எழுந்தன. என் கை எழவில்லை. எதிர்ப்பவர்கள் என்று கேட்டார். அப்போதும் என் கை எழவில்லை. தினமும் கோயிலில் பார்க்கிற மனிதர்கள், எதற்கு விரோதம் என்று மடியிலேயே வைத்திருந்தேன். மினிட்ஸில் என்னை நடுநிலை என்று எழுதினார்கள். நடுநிலையாம்! நெருப்பு வைக்கிறவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு அப்படி ஒரு கௌரவமான பேர்.

"தேதி வேணாம் சார். நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியமேரி படியிறங்கிப் போனார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நொச்சிக்குப்பத்துக்கு விசாரித்துக்கொண்டு போனேன். அவர் என்னை உட்கார வைத்து டீ கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இங்கே நான் எழுதியிருப்பதில் பாதி அன்றைக்கு அவர் சொன்னதுதான். நீங்கள் ஏன் கை தூக்கவில்லை என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

ஒன்றரை மாதம் கழித்து, தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி ஹாலில் 'ஏழாவது மாடி' நடந்தது. குப்பத்து ஜனம் வந்திருந்தது, ஊருக்கு வெளியிலிருந்து மூன்று பஸ் மாறி ஷீலாவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். நோட்டீஸில் எல்லோர் பேரும் சரியாக இருந்தது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் வேஷத்தில் ஆரோக்கியமேரி வந்து, "ஐயே, லிஃப்ட்டு இன்னா கவர்னர் வந்தாத்தான் ஓடுமா?" என்று கேட்டபோது ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அது அவருடைய சொந்தக் குரல். அந்தக் குரலை மேடையில் நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். அழுதேன், மூக்கைச் சிந்தினேன். எனக்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது. சபாவில் ஒருத்தியாவது திருந்தினாளே என்று.

திரை விழுந்ததும் எல்லோரையும் தள்ளிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். ஆரோக்கியமேரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செட்டுத் துணியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

"ஜானகி! பிரமாதம்!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. சத்தத்தில் காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் கிட்டே போனேன்.

"ஜானகி, உங்களைத்தான்."

துணியை மடிக்கிற கை நிற்கவில்லை. பக்கத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த ஷீலாதான் நிமிர்ந்து பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரியாமல், மரியாதையாகக் கேட்டார்.

"யாரும்மா வேணும் உங்களுக்கு? ஜானகின்னு எங்க குழுவுல யாரும் இல்லியே."