அருளுக்கு வாங்கும் சட்டை

எழுத்து வரிக்கு மேலும் கீழும் ஓடுகிறது, பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். எழுபது தாண்டிய பிறகு எழுதப் பழகிய கை இது. ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போய்விடுகிறது... ஆனாலும் முடித்துவிட்டுப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. மகள் இதைப் படம் பிடித்து முகநூலில் போடுவாள்.

டீசலும் உப்பும் கலந்த மணம்...

அது மூக்கில் பட்டால் என் தம்பி அருள் வந்து நிற்பான். மன்னார்க் கரையில் எங்களுக்கு ஒரு படகு இருந்தது. எஞ்சினை அவன்தான் பார்ப்பான். கை கழுவாமல் வந்து என் சட்டையை எடுத்துப் போடுவான். அவனுக்கென்று நல்ல சட்டை ஒன்றும் இருந்ததில்லை.

சண்டைக்கென்று இயக்கத்தின் கடற்பிரிவில் சேரப் போன அன்றும் என் நீலக் கட்டம் போட்ட சட்டையில்தான் போனான்.

"அண்ணை, பேந்து தாறன்."

தரவில்லை. இருபத்திரண்டு வயதில் கடற்சண்டை ஒன்றில் அவன் இருந்த படகு எரிந்து தாழ்ந்தது. தப்பி வந்த ஒருவன் கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டுப் போனான். உடல் வரவில்லை. கடல் எதையும் கரையில் ஒதுக்கவுமில்லை.

நான் நம்பினேன். என் அக்கா திரேசம்மா நம்பவில்லை. அன்றைக்குத் தொடங்கியது எனக்குத் தலையிடி.

அக்கா இப்போது மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறாள். கிறிஸ்து பிறந்த நத்தார் வந்தால் அருளுக்கு ஒரு சட்டை வாங்கியாக வேண்டும். மகளின் காரில் புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிக்குப் போய், கடை கடையாக ஏறி, துணியைத் தடவித் தடவிப் பார்த்து... நான் எங்காவது ஒரு வாங்கில் குந்தியிருந்து கொட்டாவி விடுவேன்.

அதிலும் பாருங்கள், சட்டை வரவரப் பெரிதாகும். இப்போதெல்லாம் கூடாரம்தான்.

"இவ்வளவு பெரிசு ஆருக்கக்கா?"

"அவனுக்கும் ஐம்பது தாண்டிட்டுதெல்லோ. வயிறு வைச்சிருக்காதே? உனக்கு வைக்கேல்லையே?"

சட்டை ஒரு வருடம் அவளுடைய அலுமாரியில் காத்திருக்கும். அடுத்த நத்தாருக்குப் புதியது வந்ததும் பழையது எனக்கு. செத்துப்போன தம்பிக்கு வாங்கிய சட்டைகளைப் போட்டுக்கொண்டு மெட்ரோவில் திரிகிற மனிதன் இந்த மொன்றியலில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

சட்டையைக்கூடப் பொறுக்கலாம். நவம்பர் மாதத்தைத்தான் பொறுக்க முடியாது.

அந்த மாதம் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் இறந்தவர்களுக்குப் பூசை. வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பீடத்தில் வாசித்துச் செபிப்பார்கள். எனக்கும் அக்காவுக்கும் அப்போது எழுதத் தெரியாது. அக்கா சொல்லுவாள், மகள் எழுதுவாள். அப்பா, அம்மா, அத்தான்... அதோடு அக்காவின் வாய் மூடிவிடும்.

"சித்தப்பாவையும் போடட்டே மாமி?"

"ஆரடி அவன்ர உடம்பைக் கண்டது? உயிரோட இருக்கிறவனை எழுதினால் பாவம் உன்னைத்தான் சேரும்."

மகள் பேனாவை வைத்துவிடுவாள். நான் கத்துவேன், அக்கா அழுவாள், சோறு ஆறிப்போகும். எல்லா வருடமும் இதே கூத்து. அவனுடைய ஆத்துமம் ஒரு செபமும் கிடைக்காமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்குமே என்று எனக்குத்தான் நித்திரை வராது.

போன நவம்பருக்குள் நான் எழுத்துப் பழகியிருந்தேன், பேனாவை நானே எடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று பெயர்களுக்கும் கீழே எழுதினேன். அருள்தாஸ். நான் எழுதியதிலேயே வடிவான சொல் அதுதான். எடுத்து எடுத்துப் பார்த்தேன். அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

பூசையில் ஃபாதர் வாசித்தார். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், அத்தானின் பெயர்... அருள்தாஸ்.

பக்கத்தில் அக்காவின் கையில் செபமாலை அப்படியே நின்றது. எல்லோரும் எழுந்த பிறகும் அவள் முழந்தாளில் இருந்தாள். வீட்டுக்குப் போனதும் என்னைக் கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பஸ்ஸிலேயே தொடங்கினாள்.

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனியே?"

"கேட்டால் நீ விடுவியே?"

செபமாலையைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள்.

"ஃபாதர் வடிவா வாசிச்சார்," என்றாள்.

பிறகு நத்தார் வந்தது. இந்த முறை என்னை விட்டுவிட்டுக் கடைக்குப் போன அக்கா பையோடு படியேறி வந்தாள். இன்னொரு கூடாரமா என்று சலித்துக்கொண்டே பிரித்தேன். நீலக் கட்டம். சின்னச் சட்டை.

"என்னக்கா இது? எனக்குக் கையும் நுழையாதே."

"உனக்கு ஆர் வாங்கினது? அவன் ஒல்லிப் பெடியன்தானே."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

அந்த நாளில் என் சட்டை ஒன்று அவனோடு போனது. இன்றைக்கு அவனுடைய சட்டை ஒன்று என் அலுமாரியில் தொங்குகிறது. அது அக்கா சொன்ன ஒல்லிப் பெடியனின் அளவு, இருபத்திரண்டு வயது அளவு... எனக்கு ஒருநாளும் வராது.

விரல் நோகிறது. அடுத்த ஞாயிறு நோவு ஆறிவிட்டால், கிளம்ப மறுக்கும் எஞ்சினை அருள் என்னவெல்லாம் சொல்லித் திட்டுவான் என்று எழுதுகிறேன். அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டவேண்டும்.