சித்தப்பாவின் காரை அம்மா எழுப்பிய கிழமை

பழைய பெட்ரோலுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, நோர்பரியில் எங்கள் வீட்டுக் கராஜின் கதவைப் பதினாறு மாதங்களுக்குப் பிறகு அம்மா திறந்த அன்றுதான் அது முதன்முதலாக என் மூக்கில் ஏறியது. உள்ளே சித்தப்பாவின் நீலக் கார் தூசி மூடி நின்றது.

அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். காலையில் நான் குளியலறைக்குள் போனால் வெளியே நின்று கதவைத் தட்டுவார். அந்தக் காரில் ‘மினிகாப்’ என்கிற வாடகை டாக்ஸி ஓடித்தான் பிழைத்தார். தங்கையின் கல்யாணத்துக்கென்று மூன்று கிழமை லீவில் யாழ்ப்பாணம் போனவர், சண்டை மறுபடி மூண்டு பாதைகள் மூடப்பட்டதில் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். போகும்போது, “அண்ணை, கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுங்கோ” என்று சாவியைக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை. ஆனாலும் இரண்டு மாதம் தவறாமல் அதைச் செய்தார். பிறகு கடிதங்கள் நின்றுபோயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியோடு கராஜுக்குப் போனவர், காரைத் தொடாமலே திரும்பி வந்து கதவைப் பூட்டினார். அதன்பின் வீட்டில் யாரும் அந்தக் கதவைப் பற்றிப் பேசவில்லை.

திடீரென்று ஒரு நாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. “அண்ணி, வாற சனிக்கிழமை வந்திறங்குறன். கார் இருக்கோ?”

“ஓம், இருக்கு” என்றார் அம்மா.

அன்று பின்னேரமே அம்மா கராஜைத் திறக்க, அப்பா காரில் ஏறிச் சாவியைப் போட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இஞ்சருங்கோ, அவசரப்படாதேங்கோ. மாசக்கணக்காப் படுத்துக் கிடந்த ஆக்களை எங்கட வார்டில எடுத்தவுடன நடக்க விடுறேல்லை.”

அம்மா ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களின் வார்டில் உதவியாளராக வேலை செய்தார். பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்த ஒருவர், தொடை எலும்பு முறிந்து அந்த வார்டில் படுத்திருந்தார். மறுநாள் ஷிப்டில் அவரிடம் ஒன்றுவிடாமல் கேட்டு, சாப்பாட்டு அட்டையொன்றின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார்.

அந்தக் கிழமை முழுவதும் அம்மா அந்த அட்டைப்படிதான் நடந்தார். பற்றரியைக் கழற்றிச் ‘சார்ஜ்’ போடக் கொடுத்தார். காரை வெளியே தள்ளிவைத்துப் பழைய பெட்ரோலைத் தகரக் கானில் இறக்கும்போது, அப்பாவின் சிகரெட் பெட்டியை என்னிடம் தந்து வீட்டுக்குள் போகச் சொன்னார். காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்தால், எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளைக் கிழித்து எலி கட்டிய கூடு ஒன்று அதற்குள் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, “நான் அண்டைக்குச் சாவியைத் திருப்பியிருந்தால்...” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

புதுப் பெட்ரோல் விட்டு, ஒயிலும் மாற்றினார்கள். எஞ்சினின் ‘ஸ்பார்க் பிளக்’குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளுக்குள் சொட்டுச் சொட்டாக ஒயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டார்கள். அடுத்த நாள் எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். அப்பா ‘ஸ்பானரை’ மாட்டி அழுத்தினார். அசையவில்லை. “நான்தான் பழுதாக்கிப்போட்டன்” என்றார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாயிருந்தது. அம்மா தன் கைகளையும் அவர் கைகளின்மேல் வைத்தார். இருவரும் மெல்ல மெல்ல அழுத்த, அது ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு சுற்றியது.

வெள்ளிக்கிழமை காரை மறுபடியும் தள்ளி வெளியே கொண்டுவந்தோம். மூடிய கராஜுக்குள் புகை ஆளைக் கொல்லும் என்று அட்டையில் இருந்தது. பற்றரியை மாட்டி, பிளக்குகளைப் போடாமலே, ஒயில் விளக்கு அணையும்வரை சாவியால் எஞ்சினைச் சுற்றவிட்டு, பிறகுதான் எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் பண்ணினார் அம்மா. இருமி, நீலப் புகை கக்கி, கடைசியில் சீராக ஓடியது. பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்த பிறகே, ஏற்கெனவே நேரம் குறித்திருந்த, கார் றோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனைக்குக் கொண்டுபோனார். அது தேறியது.

நாலாம் தடவையில் லைசென்ஸ் எடுத்து, அந்தக் கிழமைவரை காரே ஓட்டாதிருந்த அம்மாதான் சனிக்கிழமை எங்களை ஹீத்ரோவுக்குக் கொண்டுபோனார். சித்தப்பா பாதியாகியிருந்தார். சாவியை நீட்டியபோது, “நீங்களே ஓடுங்கோ அண்ணி” என்று சொல்லிப் பின்னால் என்னோடும் அப்பாவோடும் இருந்தார். வழியில் ஒரு சிவப்பு விளக்கில் அப்பா, “தம்பி, நீ சொன்னமாதிரி நான் செய்யேல்லை. பூட்டி வைச்சிட்டன்” என்றார்.

“நானெண்டாலும் பூட்டித்தான் வைச்சிருப்பன் அண்ணை” என்றார் சித்தப்பா.

அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. எங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் கராஜை இடித்து அறை கட்டியிருக்கிறார்கள். அப்பா இப்போது இல்லை. சித்தப்பா ஹரோவில் தன் குடும்பத்தோடு இருக்கிறார், வருவதென்றால் முதலில் போன் பண்ணிக் கேட்கிறார். என் பிள்ளைகளுக்கும் சித்தப்பாமார் இருக்கிறார்கள். ஆனால் காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்கிற சித்தப்பா அவர்களுக்கு இல்லை.