இரண்டு சாவிப் பூட்டோடு நெய்க்காரப்பட்டிக்கு

காலை 6.40. திண்டுக்கல்லிலிருந்து பழநி பஸ் புறப்பட்டபோது என் மடியில் ஏழு மாதக் குழந்தை; காலடியில் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பூட்டு. இரண்டையும் கொண்டுபோவது சரிதானா என்று மலைக்கோட்டை கண்ணுக்கு மறையும் வரை யோசித்தேன். பழநி முப்பத்தாறு மைல். அங்கே இறங்கி வேறு வண்டியில் நெய்க்காரப்பட்டி இன்னும் ஆறு மைல். அது 1965, தை மாதம்.

நெய்க்காரப்பட்டியில் என் தங்கை மரகதம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் பிறந்த அவள் குழந்தை ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. போன வாரம் அவளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே, கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டு. ‘இனிமேல் எனக்கு எதற்கு அக்கா, நீ கட்டிக்கொள்’ என்று ஒரு சீட்டு. “பாசத்துல அனுப்பியிருக்கு” என்றார் என் கணவர். நானும் அப்படியே நம்பப் பார்த்தேன், முடியவில்லை.

எங்கள் தெருவுக்குக் குழந்தைகளைப் பார்க்க வரும் நர்ஸம்மாவிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்தார்.

“அவங்க வீட்ல பூச்சி மருந்து எங்க வைக்கிறாங்க?”

“தோட்டம் வச்சு வெவசாயம் பாக்குறவங்க. வீட்டுக்குள்ளதான் எங்கயாச்சும் இருக்கும்.”

“மொதல்ல அதைப் பூட்டணும். அப்புறம் தங்கச்சிகிட்ட நேரா கேளு, சாகணும்னு தோணுதான்னு. ஆமான்னா இங்க கூட்டிட்டு வா, ஒரு டாக்டர் இருக்காரு, காட்டலாம்.”

“கேட்டா, இல்லாத நெனப்ப நானே உண்டாக்குன மாதிரி ஆயிராதா?”

“கேக்குறதால வராது. ஏற்கனவே இருந்துச்சுன்னா, சொல்றதுக்கு ஒரு ஆளு கிடைக்கும். பூட்டுறத அந்த ஒரு வீட்டோடயும் விட்றாத. மலேரியாக்காரங்க காய்ச்சல் கண்ட வீட்டுக்கு மட்டுமா மருந்து அடிக்கிறாங்க?”

அதற்குத்தான் அந்தப் பூட்டு, இரண்டு சாவியும் இரண்டு பேர் கையில் இருக்கட்டும் என்று. பூட்டுப் பட்டறைக்காரர் அதை இரண்டு சாவியும் போட்டுத் திறந்து காட்டினார். “ஒண்ணு மட்டும் போட்டா அசையாது. ஒருத்தரை ஒருத்தர் நம்பாத பங்காளிகதான் இதைக் கேட்டு வாங்குவாக. உனக்கு எதுக்குத் தாயி?”

“தங்கச்சிக்கு.”

“அப்பச் சொத்து நெறயத்தான்” என்று சிரித்தார்.

காலை 8.15. ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடைகள் வண்டியின் மேலே ஏறும் வரை கால் மணி நேரம் நின்றோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். “யார் வூட்டுக்குங்க அம்மிணி?” தங்கை வீட்டுக்கு என்றேன். “சித்திக்காரி கொழந்தையக் கீழயே வுடமாட்டா பாருங்க.” குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பால்குடி மறக்காத பிள்ளையை எப்படி விடுவது?

காலை 10.50. மரகதத்தின் தெருவில் ஒவ்வொரு வாசல் சுவரிலும் மலேரியாக்காரர்கள் மருந்தடித்த தேதி எழுதியிருந்தது. அவள் மாமியார் ஓடிவந்து கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். மரகதம் குழந்தையை ஒருமுறை பார்த்தாள். தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

நான் சாக்குத் துணியை அவிழ்த்துப் பூட்டை எடுத்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஊர் அவளுக்கு ஒரு பேர் வைத்துவிடும். “சின்னப் பிள்ளைக வந்துபோற வீடு. பூச்சி மருந்தைப் பெட்டியில வச்சுப் பூட்டிருங்க அத்தை” என்றேன். அத்தைக்கு ஒரே சந்தோஷம். பரண் அடியிலிருந்த மருந்தையெல்லாம் தன் கையாலேயே மரப்பெட்டிக்கு மாற்றிப் பூட்டினார். பிறகு இரண்டு சாவியையும், தண்ணீரோடு வந்து நின்ற மருமகளிடம் நீட்டினார்.

“வூட்டுச் சாவி மருமக இடுப்புலதான் இருக்கோணும். மூணு மாசமா எதையும் கண்டுக்க மாட்டீங்கறா. இந்தா கண்ணு, இதையும் நீயே வெச்சுக்க.”

அது அவர் தந்த மரியாதை. மரகதம் வாங்கி, இடுப்பிலிருந்த கொத்தில் இரண்டையும் கோத்துக்கொண்டாள். என் பூட்டினால் மருந்து முழுவதும் ஒரே இடத்தில் சேர்ந்து, அவள் கைக்கே போய்விட்டது.

பகல் 2 மணி. குழந்தை தூங்கியதும் கொல்லையில் மரகதத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்து போயின.

“செத்துப்போயிறலாம்னு தோணுதாடி?”

அவள் தென்னையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக் கெடுத்துவிட்டேனோ?

“தோணுதுக்கா.” என் பக்கம் திரும்பி, “எல்லாரும் சாப்டியான்னு கேட்டாங்க, தூங்குனியான்னு கேட்டாங்க. இதை யாரும் கேக்கல” என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் அழுதாள். அப்புறம் கொத்திலிருந்து இரண்டு சாவியையும் கழற்றி என் மடியில் வைத்தாள். “இது எங்கிட்ட இருக்க வேணாம்க்கா.”

அத்தையைக் கூப்பிட்டோம். மரகதமே சொன்னாள். அத்தை, “நாந்தானே கையில குடுத்தேன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ஒரு சாவியைத் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, மற்றதோடு எதிர்வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

“இதை உங்க வூட்ல வெச்சுக்கோங்க. எங்க மருந்துப் பெட்டிச் சாவி.”

“எனக்கெதுக்குங்க?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அத்தை சுவரிலிருந்த தேதியைக் காட்டினார். “மலேரியா மருந்தடிச்சாங்கல்ல, இந்தாட்டந்தான். வூட்டுக்கு வூடு செய்யோணும். உங்க பெட்டிச் சாவிய எங்கிட்டக் குடுங்க.”

“எங்க வூட்டுப் பெட்டிக்குப் பூட்டே இல்லீங்களே” என்று அவள் என் பக்கம் திரும்பினாள். “அம்மிணி, திண்டுக்கல்லுல இது என்ன விலைங்க?”

மாலை 4.20. மரகதத்தையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு மாதம் என்னோடு இருக்கட்டும், நர்ஸம்மா சொன்ன டாக்டரைப் பார்க்கட்டும் என்று நான் கேட்டதற்கு, தோட்டத்திலிருந்து வந்த அவள் கணவரும் சம்மதித்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்தேன். குழந்தையை அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஒரு மாதம் போதுமா, என் வீட்டில் அவளுக்குப் பிடிக்குமா, ராத்திரி நான் அசந்து தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அவள் என்னிடம் திரும்பினாள்.

“அக்கா, உங்க வீட்ல மூட்டைப்பூச்சி மருந்து எங்க இருக்கு?”

சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பின்னால். பூட்டுக்குப் பேர்போன ஊரில் குடியிருக்கிறேன். அந்த அலமாரிக்கு ஒரு கொண்டிகூடக் கிடையாது.

“பட்டறை எம்புட்டு நேரம் திறந்திருக்கும்?” என்றாள்.

திண்டுக்கல்லில் இறங்கியதும் முதலில் அங்கேதான் போனோம்.