ஈரச்சாக்கு

கம்பைநல்லூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் ஆற்றுப்பாலை மரங்களின் இலைகளை மரபணு ஆய்வுக்காகப் பறிக்கப் போனபோதுதான் அந்த வனக்காவலரைப் பார்த்தேன். வற்றல் உடம்பு. தோளில் எப்போதும் ஓர் ஈரச்சாக்கு. அந்த ஆற்றில் மிஞ்சியிருந்த ஒரே மரத்தின் கிளைகளைப் போத்துகளாக வெட்டி, சாக்கில் சுற்றி எடுத்துப்போய் நட்டு, கரை நெடுக நாற்பது மரங்களை ஆளாக்கியிருந்தார். கடந்து போகும்போது ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத்தான் போவார்.

"எல்லாமே பூக்குதுங்க சார். ஒரு காய் புடிக்க மாட்டேங்குது. தண்ணி பத்தலீங்களா?"

பூக்களைப் பார்த்தேன். இந்த இனத்தில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. போத்தில் வளர்வது அதை வெட்டிய மரத்தின் அச்சேதான்.

"நாப்பதும் ஒரே ஆண்மரங்க. காய்க்காது."

அவர் பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப பொம்பள மரம் எங்கீங்க இருக்கும்?"

"தெரியலீங்க."

பாறைக்குழியில் தேங்கியிருந்த கொஞ்சத் தண்ணீரில் சாக்கை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வறண்ட மணலில் ஆற்றின் மேல்பக்கமாக நடக்கத் தொடங்கினார். ஆறு தொடங்கும் இடம்வரை எங்கள் ஆய்வுக்குழு தேடிவிட்டுத்தான் வந்திருந்தது. அதைச் சொல்லாமல் நான் இலைகளைப் பறிக்கத் தொடங்கினேன்.