திங்கட்கிழமை எடை

அறுபதுகளின் கடைசியில், தாம்பரம் பக்கத்தில் ஒரு சின்னக் காசநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். திங்கட்கிழமைதோறும் பெண்கள் வார்டில் எடை பார்ப்பது என் வேலை. நான் எண்ணை உரக்கச் சொல்வேன்; இன்னொரு நர்ஸ் சார்ட்டில் எழுதுவாள். எடை ஏறினால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம். அதனால் வார்டு முழுக்க காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

ராஜகீழ்ப்பாக்கத்து ரோஸ்லின் டீச்சருக்கு முப்பது வயதிருக்கும். வீட்டில் ஐந்து வயது மகள். வாராவாரம் "முப்பத்தெட்டு", "முப்பத்தேழரை", "முப்பத்தேழு" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு திங்கட்கிழமை அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வந்தாலே சோறு இறங்கல சிஸ்டர். நாளைக்கு என்ன நம்பர் சொல்வீங்களோன்னே நினைப்பு."

பக்கத்துக் கட்டில் முனியம்மா என்னை முறைத்தாள். "நீ இன்னாத்துக்கு ஊருக்கே கேக்குற மாரி கத்துற? அது பயந்துகினு கீது பாரு."

அதன்பின் யாருடைய எடையையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டீச்சரை எண்கள் தெரியாதபடி திரும்பி நிற்கச் சொன்னேன். மெல்லச் சாப்பிட ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரே வாரத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தது. எனக்கு வாய் நிற்கவில்லை.

"டீச்சர், நாப்பது!"

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று அப்போதே மகளுக்குக் கடிதம் எழுதினார்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் டீச்சரின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஏறினது சதை இல்ல சிஸ்டர், தண்ணி. ஹார்ட் வீக்காயிடுச்சு. தோளைப் பாருங்க, வெறும் எலும்பு. மெஷினுக்குச் சதையும் ஒண்ணுதான், நீரும் ஒண்ணுதான்."

சாயங்காலம் நானே போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் கை வளையலை முழங்கை வரை தள்ளிக் காட்டினார்.

"இது இன்னும் லூசாத்தான் இருக்கு. எனக்கு அப்பவே சந்தேகம்தான் சிஸ்டர். நீங்க அவ்வளவு சந்தோஷமாச் சொன்னீங்களா, நானும் நம்பிட்டேன்."

நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. டாக்டரிடம் கேட்டு, அதன்பின் டீச்சரை எடை மெஷினில் ஏற்றுவதை நிறுத்தினேன். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால், மகளைக் கூட்டிவந்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார் டீச்சரின் கணவர். மூன்றாவது வாரம் டீச்சர் இறந்துபோனார்.

இப்போது நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். எடை பார்க்க வருபவர் பயந்திருந்தால் முதலில் உட்கார வையுங்கள். காலைத் தொட்டுப் பாருங்கள், தோளைப் பாருங்கள், நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். நான் இதையெல்லாம் செய்ய ஆரம்பித்தது டீச்சர் போன பிறகுதான்.