மணல் திடமா, திரவமா?

அறுபதுகளின் கடைசியில் செவிலிமேட்டுப் பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடத் தொடக்கப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்றாம் வகுப்பு. பாதிப் பிள்ளைகள் தறிக்காரர் வீட்டிலிருந்து வந்தவர்கள். மற்றவர்களின் அப்பாக்கள் பாலாற்றில் மணல் அள்ளி வண்டி ஓட்டினார்கள்.

எனக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டு, அறுப்பு அறுத்து என்னைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து ஆசிரியை வேலைக்கு வந்தவள் எனக்கு முன்னால் யாரும் கிடையாது. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பள்ளி ஆய்வாளர் வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

அவர் வருவதாகத் தகவல் வந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“என்ன பாடம்மா நடத்தப் போற?”

“திடம், திரவம், வாயு சார்.”

“புத்தகத்துல இருக்கிறத அப்படியே சொல்ல வை. போதும்.” சற்றுத் தயங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கடைசி வரிசைப் பொண்ண நாளைக்கு வரவேணாம்னு சொல்லிடு. எதைக் கேட்டாலும் ஏடாகூடமாப் பதில் சொல்லுது.”

அவர் சொன்னது ஒரு மணல் வண்டிக்காரரின் மகளை. அதிகம் பேசமாட்டாள். பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். மறுநாள் ஐஸ் கொண்டுவருவதாக வகுப்பில் சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் என் பக்கம் வந்து, “நாளைக்கு ஐஸ் காட்டுவீங்களா டீச்சர்?” என்று கேட்டாள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “காட்டுவேன், சீக்கிரம் வந்துடு” என்றேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு சர்பத் கடையில் ஒரு ஐஸ் கட்டி வாங்கினேன். கடைக்காரர் மரத்தூளில் புரட்டிக் கோணியில் சுற்றிக் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது புடவை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

ஆய்வாளர் காலையிலேயே வருவார் என்றார்கள். வரவில்லை. கோணியை அறையின் இருட்டான மூலையில் வைத்து, பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அதன் அடியிலிருந்து ஈரம் ஒரு கோடாகக் கிளம்பி வாசலை நோக்கி வந்தது. பிள்ளைகள் பாடத்தைப் பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்தார்கள்.

“டீச்சர், ஐஸ் இன்னும் இருக்குதா?”

“இருக்குது. பேசாம உக்காருங்க.”

இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. பிரித்துப் பார்த்தால் இன்னும் வேகமாகக் கரையும் என்று கை வைக்காமல் இருந்தேன். தலைமையாசிரியர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒருமுறை எட்டிப் பார்த்தவர் கடைசி வரிசையில் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டார். என்னைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஜீப் வந்தது. ஆய்வாளர் ஒல்லியான, உயரமான மனிதர். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, “நடத்துங்கம்மா” என்றார்.

கோணியைப் பிரித்தேன். உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்கு மிச்சம் இருந்தது. அதைக் கழுவித் தட்டில் வைத்து, ஒவ்வொரு வரிசையாகத் தொடச் சொன்னேன். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது தண்ணீராகிவிட்டது. அந்தத் தண்ணீரை டம்ளரில் ஊற்றினேன், கிண்ணத்தில் ஊற்றினேன். “எதுல ஊத்துறோமோ அதோட வடிவத்துக்கு வருது பாருங்க. அதான் திரவம்.” பிறகு பாதியை டம்ளரில் விட்டுவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்டவ்வைப் பற்றவைத்து மீதியைக் கொதிக்க வைத்தேன். முதல் இரண்டு தீக்குச்சிகள் வீணாயின. ஆவி எழும்பியதும் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். பாடம் முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

ஆய்வாளர் எழுந்தார். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் விரலால் எழுத்துப் பழக வராந்தாவில் மணல் பரப்பியிருப்போம். வெளியே போய் அதில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். விரல் இடுக்கு வழியாக அதை ஒழுகவிட்டபடி வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசைக்கு நேராகக் கை நீட்டினார்.

“நீ சொல்லும்மா. இது திடமா, திரவமா?”

அவள் எழுந்து நின்றாள். மணல் விழுவதையே பார்த்தாள்.

“திரவம் சார்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏன்?”

“எங்கப்பா வண்டியில இருந்து கொட்டுறப்போ தண்ணி மாதிரிதான் ஓடுது சார். சொம்புல போட்டா சொம்பு மாதிரி இருக்குது. டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க.”

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்கதான் சொன்னீங்களா?”

“சார், அது எப்பவும் இப்படித்தான்...” என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார். ஆய்வாளர் கையை உயர்த்தியதும் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லி அவளை உட்கார வைத்தால் என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நான் சொன்னதைக் கேட்டு, அதை வைத்து யோசித்தவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான்.

“சொன்னேன் சார். அவ நான் சொன்னதை வெச்சுத்தான் பதில் சொல்றா. அவளையே செஞ்சு பார்க்கச் சொல்றேன். கொஞ்சம் நேரம் குடுங்க.”

அவர் தலையசைத்தாரா இல்லையா என்று கூடப் பார்க்கவில்லை. அவளை முன்னால் கூப்பிட்டு, வேறொரு டம்ளரில் மணலைக் கொடுத்து, ஒரு காய்ந்த தட்டில் கொட்டச் சொன்னேன். கொட்டினாள். மணல் குவிந்து நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். தண்ணீர் குவியாது என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்பது என் எண்ணம். ஆனால் அவள் தட்டைப் பிடித்து லேசாக ஆட்டினாள். குவியல் சரிந்து தட்டையாகிவிட்டது. “தண்ணி மாதிரியே ஆயிடுச்சு டீச்சர்” என்றாள். யாரோ மறுபடி சிரித்தார்கள்.

நான் ஏதாவது சொல்லலாமா என்று தவித்தேன். சொல்லவில்லை. அவள் விரலை நாக்கில் நனைத்து மணலைத் தொட்டாள். விரல் நுனியில் சில துகள்கள் ஒட்டிக்கொண்டன. அவற்றில் ஒன்றை மட்டும் நகத்தின் மேல் தள்ளி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அடுத்த விரலால் அதை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள்.

“இது ஒண்ணு மட்டும் எடுத்தா கல்லு டீச்சர். அமுக்கினாலும் அப்படியே இருக்குது. நெறைய கல்லு சேந்து இருக்கறதாலதான் ஓடுது.”

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் குனிந்து அவள் நகத்தைப் பார்த்தார்.

“அப்போ தண்ணியில ஒரே ஒரு சொட்டு எடுத்தா?”

அவள் தண்ணீர் இருந்த டம்ளரில் விரலை நனைத்து, நகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு அமுக்கினாள். “பரவிப் போயிடுது சார். அது தண்ணியேதான்.”

“மணல்?”

“திடம் சார். சின்னச் சின்னத் திடம்.”

“உட்கார்” என்றார். பாராட்டு ஏதும் இல்லை. என்னிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

பள்ளி விடும் மணி அடிக்கும்வரை நான் என்ன பாடம் எடுத்தேன் என்று நினைவில்லை. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் வந்து வாசலில் நின்றார்.

“நான் சொன்னதக் கேக்கல நீ.”

“இல்ல சார்.”

“வேற ஆய்வாளரா இருந்தா உன் கதை முடிஞ்சிருக்கும்.” தட்டிலிருந்த மணலை விரலால் நிரவினார். “உனக்குச் சரின்னு எழுதிட்டாரு. அடுத்த வருசமும் மூணாம் வகுப்ப உங்கிட்டயே குடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரும்மா.”

அவர் போனபிறகு ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை வண்டி மாட்டைப் பள்ளி வாசலுக்கு வெளியே கட்டிவிட்டு அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். முகம் கலங்கியிருந்தது.

“டீச்சரம்மா, எம்பொண்ணு நேத்து என்னா தப்பு பண்ணிச்சு? இன்ஸ்பெக்டரு எழுப்பி நிக்க வெச்சாராமே?”

“ஒரு தப்பும் பண்ணலைங்க. நல்லாப் பதில் சொன்னா.”

அவர் நம்பவில்லை. “வூட்டுக்கு வந்ததுல இருந்து உப்பு, சர்க்கரை, அரிசின்னு ஒண்ணொண்ணா நகத்துல வெச்சு அமுக்கிப் பாத்துக்கினே இருக்குது. அவங்கம்மா பயந்துகினு கெடக்குறா. மாவு எதுல சேத்தின்னு என்னையக் கேக்குதும்மா. நா இன்னா சொல்றது?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாவைப் பற்றி நானும் அதுவரை யோசித்ததில்லை.

“இன்னிக்கு ஒரு பிடி மாவு குடுத்து அனுப்புங்க” என்றேன். “வகுப்புல எல்லாருமாப் பார்க்கிறோம்.”